மருந்து நுழைந்த வழி

தை மாதம் பருத்தி காய் பிடிக்கிற சமயத்தில், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்காருவதில்லை. வீடுகள் முடிந்து கரிசல் காடு தொடங்கியதுமே பூச்சி மருந்து வாடை உள்ளே வந்துவிடும். கண்டக்டருக்கோ கோழிக்கூடையோடு ஏறுகிறவருக்கோ அது ஒரு பொருட்டே இல்லை. எனக்கு மட்டும் அப்படியில்லை. செத்துப்போன அண்ணன் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டான் என்றே உடம்பு நம்பும்.

இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவள். ஆவி, பேய் என்று பிள்ளைகள் வாயெடுத்தால் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஆனால் மூக்கு டீச்சர் பேச்சைக் கேட்பதில்லை. மூக்கினுள் மேல்பக்கத்தில் இருக்கும் செல்களின் சவ்வில் சில புரதங்கள் பதிந்து கிடக்கின்றன. தனக்குப் பொருந்துகிற மூலக்கூறு வந்து ஒட்டிய கணத்தில் மூளைக்குச் சேதி போய்விடுகிறது. அனுப்பட்டுமா வேண்டாமா என்று ஆளைக் கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது.

எண்பதுகளின் கடைசி அது. நான் மதுரையில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, திருச்சுழிப் பக்கம் அண்ணனும் மதினியும் இருந்த வீடுதான் எனக்கு வீடு. பொங்கல் லீவு முடிந்தும், காய்ச்சல் என்று காலேஜுக்குப் புளுகிவிட்டு அங்கேயே கிடந்தேன். எம்.ரெட்டியபட்டியில் மதினியின் தம்பிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். கிறிஸ்தவக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. காலையிலேயே வீட்டில் சண்டை தொடங்கியது.

“ரெண்டு நாள் முன்னாடி போய் நின்னாத்தான் அக்காக்காரின்னு மதிப்பாக” என்றாள் மதினி.

“காய்ப்புழு விழுந்து கெடக்கு. மருந்தடிச்சிட்டு வாரேன், சேந்தே போவோம்” என்றான் அண்ணன்.

“அப்ப ஒங்க பருத்தியவே கட்டிக்கிட்டு அழுங்க. நான் செத்தாக்கூட காட்ட முடிச்சிட்டுத்தான் வருவீக.”

எந்த வீட்டில் இல்லாத பேச்சு? அண்ணன் எப்போதுமே எதிர்த்துப் பேசமாட்டான். மருந்தடிக்கிற டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அமுக்கமான ஆள், மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருப்பான் என்று பிற்பாடு ஊர் பேசியதற்கு இந்த ஒரு குணமே போதுமானதாக இருந்தது.

மத்தியானம் சேதி கேட்டு மதினி காட்டுக்கு ஓட, பக்கத்துக் காட்டுக்காரர்கள் அவனைக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். மருந்து கலக்குகிற கிணற்றடியில் விழுந்து கிடந்தானாம். வாயில் நுரை தள்ளியது, சட்டையைப் பிழியலாம் போல வேர்வை. கெண்டைக்கால் சதை தன்னால் துடித்துக்கொண்டிருந்தது. கண்மணி இரண்டும் கடுகளவுக்குச் சுருங்கிப் போயிருந்தன. அவன் பக்கத்தில் மருந்து பாட்டில் மூடியில்லாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் கிடந்தால் “குடிச்சுட்டான்” என்பார்கள். “மேல பட்டிருச்சு” என்று ஒரு வாயும் சொல்லாது. தெருவுக்கு ஒருவர் அப்படிக் குடித்துச் செத்திருந்த காலம், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. புளித்தண்ணீரைக் கரைத்து அவன் வாயில் ஊற்றினார்கள். வாந்தி எடுத்தான். வாடகை வேனைப் பிடித்து, காரியாபட்டி வழியாக மதுரைக்குக் கொண்டு போனோம்.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு குடிச்சாரு?” என்பது. குடித்தாரா என்று அவரும் கேட்கவில்லை. மூக்கில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். மதினி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வார்டில் என்ன நடந்தது என்று எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் புரிந்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், இப்போது வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறேன். நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்றொரு பொருள் கசிந்து, எதிரே இருக்கும் செல்லின் சவ்வைத் தொடும். சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பி என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டதும் சேதி உள்ளே போகும். சதை சுருங்கும், வேர்வை சுரக்கும், கண்மணி சின்னதாகும். சேதி சொன்ன பொருளை உடனே உடைத்துப் போட ஒரு நொதி பக்கத்திலேயே இருக்கிறது. வாசலில் வந்து கூப்பிட்டவர் பதில் கிடைத்ததும் போய்விட வேண்டும் இல்லையா, போகச் செய்வது அந்த நொதி. பூச்சி மருந்து அதன் கையைக் கட்டிவிடுகிறது. கூப்பிட்டவர் போகவே மாட்டார், கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். புழுவுக்கும் அப்படித்தான், என் அண்ணனுக்கும் அப்படித்தான்.

ஆஸ்பத்திரியில் போடுகிற அட்ரோபின் ஊசி அந்த ஏற்பிகளின் மேல் போய் உட்கார்ந்து சேதியை மறிக்கும். மூளையிலும் மறிக்கும். அதனால் இரண்டாம் நாள் அண்ணனுக்கு நினைப்பு இந்த உலகத்தில் இல்லை. முகம் சிவந்து, கண் அகன்று, காற்றிலிருந்து பருத்தி எடுத்துக்கொண்டிருந்தான். விரல்களைக் குவித்து வெடித்த காயிலிருந்து பிடுங்குவான், மடியில் போடுவான், மறுபடியும் கையை நீட்டுவான். அவன் கை போன இடத்தில் எதுவும் இல்லை என்று தெரிந்தும் நான் அங்கே பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் கை வந்துவிடுகிறது.

மதினி அவன் காதருகே குனிந்தாள்.

“குடிச்சீகளா? என்மேல உள்ள கோவத்துல குடிச்சீகளா?”

“ஆமா” என்றான் அண்ணன், பருத்தி எடுத்தபடியே.

அவள் கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டாள். நான் அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, நம்ம மாடு கன்னு போட்டிருச்சா?” என்று கேட்டேன். எங்கள் வீட்டில் மாடே கிடையாது. அதற்கும் “ஆமா” என்றான். “பாத்தீகளா மதினி, எதக் கேட்டாலும் ஆமாங்கான்” என்றேன். “அது வேற, இது வேற” என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் அண்ணன் தெளிந்துவிட்டான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். காபி வேண்டும் என்றான். எனக்கு வார்டு முழுக்க ஓடிச் சத்தம் போட வேண்டும் போல இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மருந்தைக் குடித்துப் பிழைத்தவரிடம் ஏன் குடித்தாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அந்த நினைப்பு மறுபடியும் தலைதூக்கும் என்பார்கள். கேட்பதென்ன, அந்தப் பேச்சு எங்கே வந்துவிடுமோ என்று எந்தப் பேச்சையும் எடுக்க மாட்டார்கள். தலையணையைச் சரி செய்வார்கள், காபி ஆற்றித் தருவார்கள், முகத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். மரியாதையாகச் செய்வதுதான். அன்றைக்கு நாங்களும் அந்த மரியாதையைக் குறைவில்லாமல் செய்தோம்.

“எம்.ரெட்டியபட்டிக்கு ஒன் மதினி போகலையா?” என்று அண்ணன் என்னிடம் கேட்டான்.

“அதெல்லாம் பாத்துக்கிரலாம், நீ பேசாமப் படு” என்றேன்.

அவன் மதினியைப் பார்த்தான். டம்ளரை அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்த அவள், பார்வையை டம்ளரிலிருந்து எடுக்கவில்லை. குடித்து முடித்ததும் துடைத்துவிட்டாள், டம்ளரைக் கழுவ எழுந்து போனாள். அவன் அவள் போன திசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் அவனால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. அசதி என்று நினைத்தோம். அட்ரோபின் வேர்வையையும் எச்சிலையும்தான் கட்டும். சதையில் இருக்கிற ஏற்பி வேறு ரகம், அதன் மேல் அந்த ஊசி மருந்து உட்காராது. ஓயாமல் கூப்பிடப்பட்ட சதை, ஒரு கட்டத்துக்குமேல் காதை அடைத்துக்கொண்டு கிடந்துவிடும். முதலில் கழுத்து, பிறகு மூச்சு இழுக்கிற சதை. தேறிவிட்டான் என்று நம்புகிற சமயத்தில்தான் இது வரும் என்று பின்னால் ஒரு புத்தகத்தில் படித்தேன். சாயங்காலம் ஆள் பார்க்க வருகிற கூட்டம் பழப் பையோடு உள்ளே வந்துகொண்டிருந்தபோது அண்ணன் போய்விட்டான்.

உடம்பை அறுத்துப் பார்த்தவர்கள் பூச்சி மருந்து என்று சொன்னார்கள். எந்த வழியாக உள்ளே போனது என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஊரில் கோயில் மணி அடிக்கவில்லை. தன்னைத்தானே மாய்த்துக்கொண்டவனுக்கு அடிக்கிற வழக்கமில்லை என்று கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் தயங்கித் தயங்கிச் சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் வேலியோரமாகத்தான் இடம் கொடுத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே போய் மணிக்கயிற்றை இழுத்திருப்பேன். மதினி என் கையை விடவில்லை.

அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. எனக்கு அருப்புக்கோட்டையில் வேலை கிடைத்ததும் என்னோடு வந்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பவர்லூம் ஓடுகிற வாடகை வீடு. அந்த இரைச்சலிலும் டேங்கு பம்பு அடிக்கிற சத்தம் தனக்குக் கேட்பதாகச் சொல்வாள். மத்தியானமானால் கதவைத் தாழ் போட விடமாட்டாள். அண்ணன் காட்டிலிருந்து சாப்பிட வருகிற நேரம் அது. நானும் பழகிப்போய் மத்தியானம் சாப்பிடும்போது வாசலைப் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் இரண்டு பேருக்கும் அவன் வரத்தான் செய்தான்.

எப்போதாவது, மாவு ஆட்டும்போது, துணி மடிக்கும்போது, அவள் கேட்பாள்.

“நீ இதத்தானே படிச்ச. சொல்லு தாயி, அவுக குடிச்சாகளா, மேல பட்டுச்சா?”

என்னால் சொல்ல முடிந்ததில்லை. அந்த மருந்து கொழுப்பில் கரைகிற சரக்கு. செல்லின் சவ்வே கொழுப்புதான். எந்தப் புரதக் கதவையும் தட்டாமல் தோல் வழியாக அது உள்ளே போய்விடும். வாய் வழியாகப் போனாலும் கடைசியில் அதே நொதியைத்தான் கட்டும். நரம்புக்கு அது எந்த வழியாக வந்தது என்று தெரியாது. நுரை ஒன்றுதான், துடிப்பு ஒன்றுதான், சாவும் ஒன்றுதான். இதை நான் விளக்கிச் சொன்னால், “அப்ப ஒனக்கும் தெரியாது” என்று மாவைத் தள்ள ஆரம்பித்துவிடுவாள். பிள்ளைகள் முன்னால் கரும்பலகையில் நின்று பெரிய மேதாவி மாதிரி அம்புக்குறி போடுகிறவளுக்கு, வீட்டில் கேட்ட ஒரே கேள்விக்கு விடை தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மதினிக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். வெளிச்சம் தாங்காமல் அவள் முந்தானையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

“இதுக்கு நேர் மாத்தி ஒருநா வந்துச்சு” என்றாள். “நல்ல வெயில்ல எல்லாம் இருட்டாத் தெரிஞ்சுச்சு.”

“எப்ப மதினி?”

“அன்னைக்குத்தான். வேன்ல போறப்ப, காரியாபட்டி தாண்டையில. பொழுது சாஞ்சிருச்சோன்னு நெனச்சேன். அழுது அழுது கண்ணு போச்சுன்னு இருந்துட்டேன்.”

அழுதால் கண் சிவக்கும், வீங்கும். வெயில் இருட்டாகாது. கண்மணி சுருங்கினால்தான் அப்படி ஆகும்.

“கண்ண எத வச்சுத் தொடச்சீக?”

“அவுக துண்டுதான். முதுகுல டேங்கு உறுத்தாம மடிச்சுப் போட்டுக்கிருவாகள்ல, அது. மேல்கோடி வேலியில தொங்குச்சு. ஓடுன ஓட்டத்துல எடுத்துட்டு வந்தேன்.”

“எடுக்கையிலேயே ஈரமா இருந்துச்சா?”

“சொட்டச் சொட்ட இருந்துச்சு. வேர்வைன்னு நெனச்சேன்.”

அண்ணன் விழுந்தது கிணற்றடியில், வாந்தி எடுத்தது அதற்கப்புறம் வீட்டில். துண்டு தொங்கியது காட்டின் மறுகோடியில். அங்கே தொங்கும்போதே நனைந்திருந்தது என்றால், அந்த வாந்தி அதில் பட வழியே இல்லை. டேங்கு ஒழுகியிருக்கிறது. ஒழுகியது முதுகில் இறங்க, வேர்வை என்று அவனும் நினைத்து, துண்டை வேலியில் போட்டுவிட்டு, நனைந்த சட்டையோடு வெயிலில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவள் கண்ணை அவ்வளவு சுருக்கிய மருந்து, காலையிலிருந்து அவன் முதுகில் ஊறியிருக்கிறது. இதை நான் வார்த்தை தடுக்கித் தடுக்கிச் சொன்னேன். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொன்னேன்.

“அந்த அளவுக்கு மேல பட்டா போதும். குடிக்க வேண்டிய தேவையே இல்ல மதினி. அண்ணன் குடிக்கல.”

அவள் பெரிய பாரம் இறங்கியதுபோல் அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை. முந்தானையை இறக்கிவிட்டு, அந்தக் கூச்சத்திலும் கண்ணை மூடாமல் என்னைப் பார்த்தாள்.

“அப்ப அவுக தெளிஞ்ச அன்னைக்குக் காலையில, நம்ம ஏன் பேசாம இருக்கோம்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருக்காதே.”

“எது மதினி?”

“குடிச்சாகன்னு நெனச்சுத்தானே மூஞ்சியப் பாக்காம இருந்தோம். அவுகளுக்கு அது எப்படித் தெரியும்? கல்யாணத்துக்கு விடலங்கிற கோவத்துல இன்னும் நான் பேசாம இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேதானே தாயி போயிருப்பாக?”

உள்ளேயிருந்து நர்ஸ் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.