நல்ல பீஸைத் தொடாதே

ஒரகடத்தில் கார் பம்பர் செய்யும் ஆலை ஒன்றில் பதினெட்டு வருடமாக நின்றுகொண்டிருந்தேன். நிற்பதுதான் உத்தியோகம், பம்பரில் குறை கண்டுபிடிப்பது நிற்கும்போது சும்மா இருக்க வேண்டாமே என்று கொடுத்த வேலை. கீறலோ புள்ளியோ தெரிந்தால் சிவப்பு மார்க்கரால் குறி போட வேண்டும். சரியாக இருந்தால் கையே படக் கூடாது. சேர்ந்த அன்று சொல்லித்தந்த ஒரே பாடம், ‘நல்ல பீஸைத் தொடாதே.’

நாற்பத்தொன்றாவது வயதில் எனக்கு உட்காரும் ஆசை முற்றிவிட்டது. கிராம நிர்வாக அலுவலருக்கு நாற்காலி உண்டு. எதிரே மற்றவர்கள் நிற்பார்கள். அதற்கான குரூப் ஃபோர் தேர்வை ஏற்கெனவே மூன்று முறை எழுதி, மூன்று முறையும் நின்றபடியே திரும்பியிருந்தேன். இந்த வருடத் தேர்வுதான் கடைசி, அடுத்ததற்குள் வயது வரம்பு தாண்டிவிடும். இதுவும் போனால் ஓய்வு பெறும்வரை கால் வீக்கம்தான்.

சுங்குவார்சத்திரத்தில் என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, எங்கள் கம்பெனிப் பையன்கள் ஐந்து பேர் ஓர் அறையில் தங்கியிருந்தார்கள். எல்லோரும் தேர்வுக்குப் படிப்பவர்கள். அவர்களில் தென்காசிக்காரர் ஒருவர்தான் அங்கே வாத்தியார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு வைப்பார். முதல் ஞாயிறு நானும் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். நூறு கேள்வி, கேள்விக்கு நாலு விடை, சரியானதன் வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். மற்றவர்கள் இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிக்கிறார்கள் என்று எனக்கு ஒரே வியப்பு. என் பேனாவில் மையே தீர்ந்துவிட்டது. கடன் வாங்கி முடித்தேன்.

தென்காசிக்காரர் என் தாளை விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“அண்ணாச்சி, ஒங்களுக்கு சைபர். நீங்க எங்க பரீச்சை எழுதிருக்கிய? நாலுல மூணை ரிஜெக்ட்டுல்லா பண்ணி வச்சிருக்கிய.”

உண்மைதான். ஒவ்வொரு கேள்வியிலும் தப்பான மூன்று விடைகளைத் தேடித் தேடிக் கறுப்படித்துவிட்டு, சரியானதைப் பவித்திரமாக விட்டுவைத்திருந்தேன். அப்படி விட்டுவைத்ததில் எண்பத்தொன்று சரி. மூளை பாஸ், கைதான் ஃபெயில் என்று அவர் தீர்ப்பு சொன்னார். முந்தைய மூன்று முறையும் என்ன கூத்து நடந்ததோ, தாளைத் திருத்திய இயந்திரத்துக்கே வெளிச்சம்.

வைத்தியமும் அவரே எழுதினார். இரண்டு மாதம், எதைப் பார்த்தாலும் நல்லதை மட்டும் தொட்டுக்காட்ட வேண்டும். டீக்கடையில் நல்ல வடையைத் தொட்டேன். தொட்ட அத்தனையும் என் தலையில் கட்டப்பட்டது. காய்கறிக் கடை இன்னும் கஷ்டம். அதுவரை சொத்தைக் கத்தரிக்காயைப் பொறுக்கித் தனியே அடுக்கி, கடைக்காரருக்கு உபகாரம் செய்த நிறைவோடு வெறும் பையுடன் வீடு திரும்புகிறவன் நான். என் மனைவி கூடவே வந்து நின்றாள்.

“நல்லத எடு. ஐயோ, கை மறுபடி அங்கியே போவுது பாரு. பொண்ணு பாக்க வந்தப்ப மட்டும் எப்பிடியா கரெக்டா எடுத்த?”

அன்று தொட்டது என் அம்மா என்று சொல்ல வந்து, நிறுத்திக்கொண்டேன்.

கை மெல்லத் தேறியது. அதிகமாகவே தேறிவிட்டது என்று சூப்பர்வைசர் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு காலை ஷிஃப்டில் பதினான்கு பழுதில்லாத பம்பர்களில் சிவப்புக் குறி போட்டிருந்தேன். இவற்றில் என்ன குறை என்று கேட்டார். ரொம்ப நன்றாக இருந்தன சார் என்றேன். அன்று மத்தியானம் என்னை அட்டைப்பெட்டி ஒட்ட அனுப்பினார்கள். அதையும் நின்றுதான் ஒட்ட வேண்டும்.

தேர்வு வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். இருநூறு கேள்வி. கை சொன்னபடி கேட்டது. கடைசிக் கால்மணி நேரத்தில் ஏ, பி, சி, டி என்று எந்த எழுத்துக்கு எத்தனை வட்டம் நிரப்பினோம் என்று கூட்டி எழுத வேண்டும். மொத்தம் இருநூறு வர வேண்டும். எனக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் வந்தது. மறுபடி எண்ணினேன், அதேதான். விட்டுப்போனதைத் தேடிக் கண்டுபிடித்தபோது கண்காணிப்பாளர் தாள் வாங்கக் கிளம்பிவிட்டார். பாலாறு எந்த மாநிலத்தில் உற்பத்தியாகிறது என்ற கேள்வி. பள்ளிக்குப் பின்னாலேயே ஓடுகிற, அதாவது ஓட வேண்டிய, ஆறு. அந்தத் தாளிலேயே எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த விடை அது ஒன்றுதான். அதனால்தான் தொடவில்லை. அவர் என் பெஞ்சை எட்டுவதற்குள் கர்நாடகத்தை நிரப்பிவிட்டேன்.

முடிவு வந்தது. ஒரு மார்க்கில் போயிற்று என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் தரவரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர்களை ஏற்ற ஒரகடத்துக் கம்பெனி பஸ்கள் அத்தனையும் போதாது. தென்காசிக்காரரின் எண் பட்டியலில் இருந்தது. அதைப் பார்த்ததும் என் விரல் தானாகப் போய் அதைத் தொட்டது.

மனைவி சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். அரசாங்கம் என்மேல் கை வைக்கவே இல்லை, எங்கள் லைன் சட்டப்படி குறி படாதது நல்ல பீஸ் என்று விளக்கினேன். அவள் டிபன் பாக்ஸில் சோற்றை அமுக்கிக்கொண்டே கேட்டாள்.

“நல்ல பீஸ இன்னா பண்ணுவீங்க, உங்க கம்பெனில?”

“பேக் பண்ணி வண்டில ஏத்திடுவோம்.”

டிபன் பாக்ஸை மூடி, பையில் வைத்து, பையை என் தோளில் மாட்டி, சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

“பஸ் வந்துகினு கீது. ஏறு.”

ஜன்னலோரம் இடம் காலியாக இருந்தது. ஒரகடம்வரை உட்கார்ந்தே போனேன்.