வேளைக்குப் பசித்தது

என் மனைவிக்குக் காசநோய் என்று தெரிந்தபோது எங்களுக்குத் திருமணமாகி மூன்று வருடம். யுத்த காலம் அது. "மருந்தைவிட ஒழுங்குதான் முக்கியம்" என்றார் அரக்கோணத்து டாக்டர். விடியலில் எழுந்து திருத்தணி மலையடிக் குளம்வரை மெல்ல நடக்க வேண்டும். பதினோரு மணிக்குச் சாப்பாடு, பகலில் ஓய்வு, விளக்கு வைக்குமுன் கஞ்சி, எட்டு மணிக்குத் தூக்கம்.

"நான் மட்டும் தனியா சாப்புடமாட்டேன். நீங்களும் கூட குந்துங்க" என்றாள். எட்டு மாதம் நானும் அவளோடு அப்படியே இருந்தேன். என் உடம்பு தேறியது. அவளுக்குத் தேறவில்லை. தை மாதத்தில் ஒரு விடியலில் எழுப்பினேன்; அவள் எழவில்லை.

அன்று பதினோரு மணிக்கு, அவள் உடலருகே உட்கார்ந்திருக்கும்போதே எனக்குப் பசித்தது. யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று கூசினேன். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்ததும் மறுபடி பசித்தது. அவள் தங்கை ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்தாள்.

"குடிங்க பாவா. வேளைக்கு சாப்புடலன்னா அக்கா திட்டும்."

முழுவதையும் குடித்தேன். இன்னும் கொஞ்சம் கேட்டேன். கேட்ட பிறகுதான் அழுகை வந்தது.