தங்கச்சியின் தலைவலியும் பக்கத்து வளவு டவரும்

என் தங்கச்சியின் தலைவலிக்கு எங்கள் ஊரில் எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. அவள் கண்ணுக்குள் ஒரு தடவை வெளிச்சம் அடித்துப் பார்க்கத்தான் ஒருவரும் இருக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

கல்முனைக்குப் பக்கத்தில், கடலுக்கும் பிரதான வீதிக்கும் இடையில் எங்கள் வீடுகள். தங்கச்சி வீட்டில் இருந்தே உடுப்புத் தைப்பவள். அவளுடைய பக்கத்து வளவில் ஒரு போன் கம்பனி டவர் எழுப்பியது. எங்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அலையின் அளவு என்ன, யார் அளந்தார்கள் என்று கேட்டு ஊரார் மகஜர் அனுப்பினோம். நானும் கையெழுத்து வைத்தேன். பதிலே இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டால் ஊர் தானாகவே பதில் சொல்லிக்கொள்ளும். டவர் மூளையை உருக்குகிறதாம், நினைவை அழிக்கிறதாம் என்று கதை பரவியது.

இரண்டு மாதத்தில் தங்கச்சிக்குத் தலைவலி தொடங்கியது. காலையில் எழும்பும்போதுதான் மோசம். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்க, சுஜூதுக்குக் குனிந்தால் தலை வெடிப்பதுபோல இருக்கிறது என்றாள். தனியார் டிஸ்பென்சரி ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

"போன் பாவிக்கிறீங்களா?"

"ஓம் டொக்டர், எல்லாரையும் போலதான்."

"வீட்டுக்குக் கிட்ட டவர் இரிக்கா?"

"ஓம். பக்கத்து வளவிலதான்."

"மறுகா என்ன? போனக் குறைங்க. கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாச்சும் போய் இருங்க."

கதிரையை விட்டு அவர் எழும்பவே இல்லை. வலிக்கு மாத்திரை எழுதித் தந்தார்.

நான் பத்தாம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். டவரின் ரேடியோ அலைக்கு உடம்பின் மூலக்கூறுகளை உடைக்கிற சக்தி இல்லை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவள். பக்கத்திலிருந்து பலமாகப் பட்டால் அது சூடாக்கும். ஒரு வீட்டுத் தூரத்தில் அந்தச் சூடும் அற்பம். போனின் நீண்ட காலப் பாவனையைப் பற்றி இன்னும் ஆராய்கிறார்கள், உறுதியான கெடுதி என்று எதையும் நிறுவவில்லை. எல்லாம் தெரிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. கம்பனிக்குப் பரிந்து பேசுகிறாள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மச்சான், அதாவது தங்கச்சியின் கணவர், அவளை வரிப்பத்தான்சேனையில் தன் மாமி வீட்டில் கொண்டுபோய் விட்டார். சுற்றிவர வயல், டவர் கண்ணுக்குத் தெரியாது. அவளுடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேட்டால், "சுகமா இரிக்காள்" என்றார்கள். நான்கு மாதம் அப்படியே போனது.

ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போனேன். எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். கோப்பைக்கு வெளியே, மேசையில் ஊற்றினாள்.

"ராத்தா, கோப்பை இவடத்ததானே இரிந்த?" என்று அக்காவான என்னைக் கேட்டாள்.

அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். மாமி தடுத்தார். "ஊருக்குப் போனா டவர் திரும்பப் புடிக்கும் புள்ள" என்றார். நான் நிற்கவில்லை. அங்கிருந்து நேரே கல்முனைக்கு வந்து ஒரு கண் டொக்டரிடம் காட்டினேன். சின்ன வயதுப் பெண். விளக்கைப் பிடித்துக் கண்ணுக்குள் பார்த்தார், மற்றக் கண்ணையும் பார்த்தார். பிறகு கேட்டார்: "இவ்வளவு நாளா எங்க இரிந்தீங்க?"

பார்வை நரம்பு வீங்கியிருந்தது. தலைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுக்கக் கூப்பிட்டபோது தங்கச்சி என் கையை விடவில்லை.

"ராத்தா, இது காந்தமாமே. டவரவிடப் பெலனா?"

"ஓம். டவர் இதுக்குக் கிட்டயும் வராது. ரேடியோ அலையும் அடிப்பாங்க. அத வச்சித்தான் உன்ட மூளையப் பாக்கப்போறாங்க. பயப்புடாத."

"அப்ப ஊருல சொன்ன எல்லாம்?"

அவளுடைய காதுத் தோட்டைக் கழற்றி என் பைக்குள் வைத்தேன்.

மூளையை மூடிய சவ்வில் ஒரு கட்டி. புற்றுநோய் அல்ல. பல வருடமாக மெதுவாக வளர்ந்தது, டவருக்கு முன்பே இருந்தது என்று சத்திரசிகிச்சை செய்த டொக்டர் சொன்னார். கட்டியை எடுத்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது. நேரே இருப்பது தெரிகிறது. ஓரத்துப் பார்வை போனது போனதுதான். முதலிலேயே வந்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு அந்த முதல் டொக்டரிடம் போனேன்.

"அந்த நேரம் அப்பிடித்தான் தோணிச்சி" என்றார்.

"தோணினதச் சொல்றதுக்கு டொக்டர் எதுக்கு? எழும்பி அவள்ற கண்ணப் பாக்க ஏலாமப் போச்சா?"

அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

போன மாதம் ஊரில் இன்னொரு மகஜர் சுற்றியது. டவரால் மூளையில் கட்டி வந்த பெண் என்று தங்கச்சியைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அந்த வரியைப் பேனையால் வெட்டி, "அலையை அளந்து, அளவை எங்களுக்குக் காட்டுங்கள்" என்று எழுதிவிட்டுக் கையெழுத்து வைத்தேன். கொண்டுவந்தவர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

தங்கச்சி மறுபடியும் தைக்கிறாள். பக்கத்தில் கிடக்கும் கத்தரிக்கோலை எடுப்பதற்கு இப்போது முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருக்கிறது.