ஆயுத பூஜையன்று மாற்றிய கட்டு

என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்த மூன்றாம் நாள் ஆயுத பூஜை. அரசு மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைச் சுத்தப்படுத்தும் பிரிவை இருபத்தாறு ஆண்டுகள் மேற்பார்வையிட்டு ஓய்வு பெற்றவன் நான். காஞ்சிபுரத்தில் அவளைச் சேர்த்திருந்த தனியார் மருத்துவமனையில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பொரி மட்டும் கொடுத்தார்கள்.

அதைத் தின்றுகொண்டே அறைக்குத் திரும்பினேன். நர்ஸ் அதற்குள் காயத்துக்குக் கட்டு மாற்றி முடித்திருந்தாள். தட்டில் கிடந்த இடுக்கியின் பிடியில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"இதை நீராவியில வெச்சு எடுத்தியாம்மா?"

"அந்த மிஷின் பூஜையில இருக்குது சார். நாளைக்குத்தான் தொடுவோம். வெந்நீர்ல நல்லா கழுவிக்கினுதான் வந்தேன்."

"கிருமிக்கும் இன்னைக்கு லீவு உட்டுட்டீங்களா?"

"பிள்ளையார்பாளையத்துல தறியே ஓடலை சார். மிஷின் ஒரு நாள் ஓடலைன்னா என்னா?"

"தறிக்குச் சீழ் வைக்காதும்மா."

அவள் சிரித்துவிட்டுப் போனாள். மூன்று நாளில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்து, தையல் பிரிந்து சீழ் வழிந்தது. மறுபடியும் கீறிக் கழுவினார்கள். கால் தப்பியது, ஆனால் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. இத்தகைய சீழ் எல்லா வார்டிலும் உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இராது.

வீடு திரும்பும் நாளில் பெரிய மருத்துவர் சீழுக்குக் காரணம் எழுதித் தந்தார்: வீட்டில் சுகாதாரக் குறைவு. அவள் அதுவரை வீட்டுக்கே போகவில்லை என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சர்க்கரை நோய் என்று திருத்தினார். அவளுக்கு அதுவும் கிடையாது.