கொச்சை இந்தி பேசத் தெரிந்தவன்

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மசாலாப்பொடி விளம்பரத்தில் தமிழ்க் குடும்பத் தலைவனாக நடிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆள் தேர்வு செய்ய உட்கார்ந்திருந்த பெண் என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், உங்க இந்தி ரொம்ப சுத்தமா இருக்கே" என்றாள், குறை சொல்வதுபோல. சுத்தமாகத்தான் இருக்கும். நான் தில்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் பிறந்தவன். அப்பா ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தா. வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி.

"கொஞ்சம் மதராஸி மாதிரி பேசுங்க சார். நடுநடுவுல அய்யோ போடுங்க" என்றாள்.

போட்டேன். நாலைந்து அய்யோ போட்டும் அவளுக்குத் திருப்தியில்லை. கடைசியில் ஒரு பஞ்சாபி நடிகருக்கு விபூதி பூசி எடுத்தார்கள். அவர் அய்யோ சொன்னதை மெட்ரோ நிலையத்தின் பெரிய திரையில் நின்று பார்த்தேன். என்னைவிட நன்றாகத்தான் சொன்னார்.

பகலில் நான் ஒரு அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். சாயங்காலங்களில் மண்டி ஹவுஸ் பக்கம் இந்தி நாடகங்கள். இருபது வருஷமாக இப்படித்தான். காவலாளி, நீதிமன்றச் சேவகன், ராம்லீலா வந்தால் அரக்கர் படை. அரக்கர் படைக்கு என்னை யாரும் நடிக்கச் சொல்லிக்கூடப் பார்த்ததில்லை, பார்த்தவுடனே எடுத்துக்கொள்வார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு அப்பா பாளையங்கோட்டையில் தங்கை வீட்டோடு போய்விட்டார். மயூர் விஹாரில் ஒரு படுக்கையறை வீட்டில் நான் மட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மதியம், அலுவலகத்தில் இருக்கும்போது அழைப்பு வந்தது. இணையத் தொடர் ஒன்றுக்கு ஆள் தேடுகிறார்களாம். "எட்டு சீன் சார். எல்லாத்துலயும் வசனம் இருக்கு" என்றாள், போனில் பேசிய பெண். என்ன பாத்திரம் என்று கேட்டேன்.

"ஆப்பிரிக்கன் சார். போதை மருந்து விக்கிறவன்."

நான் சிரித்துவிட்டேன். "நான் தமிழன்மா."

"தெரியும் சார். மேக்கப் பாத்துக்கும்."

உடனே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எட்டு காட்சி என்ற வார்த்தை காதில் நின்றுகொண்டது. சரி என்றேன். சாயங்காலம் வீட்டுக் கண்ணாடி முன் நின்று இந்தியைத் தப்புத் தப்பாகப் பேசிப் பழகினேன். வெட்கமாக இருந்தது என்று இப்போது எழுதலாம். அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

படப்பிடிப்பு ஓக்லாவில், ஒரு பழைய கிடங்குக்குள். முதல் நாள் காலையில் மேக்கப் போடும் பெண் என் முகத்தில் கறுப்பு ஏற்றிக்கொண்டே வந்தாள். நிறம் சரியாக அமையவில்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்கர். நாற்பது வயது இருக்கும்.

"பையா, கொஞ்சம் கையை நீட்டுங்க" என்றாள் அவரிடம். பையா என்றால் இந்தியில் அண்ணன்.

அவர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினார். அவள் அந்தக் கையை என் கன்னத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பூசினாள். அவருடைய புறங்கையின் சூடு கன்னத்தில் பட்டது. எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் போன பிறகு அவரே பேசினார். அச்சு அசல் தில்லி இந்தி. "இந்த வேஷத்துக்கு முதல்ல என்னைத்தான் கூப்பிட்டாங்க. பேசிக் காட்டினேன். இந்தி ரொம்ப நல்லா இருக்கு, ஜனங்க நம்ப மாட்டாங்கன்னுட்டாங்க."

"இப்ப என்ன வேஷம்?"

"உங்க பின்னாடி நிக்கணும். அடியாள். வசனம் கிடையாது. அப்புறம் எங்க ஆளுங்க எப்படிப் பேசுவாங்கன்னு உங்களுக்குச் சொல்லித்தரணும்."

நான் மசாலாப்பொடிக் கதையைச் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். கிடங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரிப்பு. "அய்யோ சொல்லுங்க, கேட்கணும்" என்றார். சொன்னேன். மறுபடியும் சிரித்தார்.

அவர் காங்கோ நாட்டுக்காரர். படிக்க வந்து, தங்கி, பதினோரு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வீட்டில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருந்தார்கள். குழந்தை இங்கேயே பிறந்தது. ஆறு நாள் படப்பிடிப்பில் மதியச் சாப்பாட்டை இருவரும் சேர்ந்தே சாப்பிட்டோம், ராஜ்மாவும் சோறும். அந்த ஆறு நாளைப்போல ஒருவரோடு நான் பேசி வெகு காலம் ஆகியிருந்தது. பிரெஞ்சு பேசி வளர்ந்தவன் இந்தியில் எந்த எழுத்தில் தடுமாறுவான் என்று பொறுமையாகச் சொல்லித்தந்தார். அதை வைத்து நான் பேசிக் காட்டியபோது இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. "இவ்வளவு நல்லா வேண்டாம். கரகரன்னு, காட்டுத்தனமா வரட்டும்" என்றார்.

வரவழைத்தேன். "தோஸ்த், மால் ஏக்தம் அஸ்லி." நண்பா, சரக்கு அசல் சரக்கு. கண்ணை உருட்டி, பல்லைக் காட்டி, அடித்தொண்டையில் சொல்லவேண்டும். அந்த ஒரு வரியைப் பத்துப் பன்னிரண்டு தடவை எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் படக்குழு சிரித்தது. எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அவர் நின்றார். நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் என்னிடம் வந்து, "நீங்க நல்ல நடிகர் பையா" என்றார். இருபது வருஷத்தில் என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் குறைவு.

ஐந்தாம் நாள் சாயங்காலம் இருவரும் சேர்ந்து மெட்ரோவில் போனோம். மேக்கப் முழுதாகக் கழுவிப் போகவில்லை, காதோரமும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டியில் கூட்டம். எங்களுக்கு இரண்டு பக்கமும் மட்டும் இடம் காலியாக இருந்தது. எதிரே நின்ற இரண்டு இளைஞர்களில் ஒருவன் எங்கள் இருவரையும் காட்டி ஏதோ சொன்னான். ஹப்ஷி என்ற வார்த்தை மட்டும் தெளிவாகக் கேட்டது, ஆப்பிரிக்கர்களை இங்கே இளப்பமாகச் சொல்கிற வார்த்தை. அவருக்கும் கேட்டிருக்கும். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் என்றால், பையிலிருந்து அலுவலக அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அசோகச் சின்னம் வெளியே தெரிகிற மாதிரித் திருப்பியும் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. ஜன்னல் கண்ணாடியில் அவர் அதைப் பார்த்தார். நான் இறங்க வேண்டிய நிலையம் வந்தபோது வழக்கம்போலக் கைகொடுத்தார்.

அதைப் பற்றி அவரிடம் பேசவேண்டும் என்று மறுநாள் முழுக்க நினைத்தேன். மறுநாள்தான் கடைசி நாள். பேசவில்லை.

சில மாதம் கழித்துத் தொடர் வெளியானது. எட்டு காட்சியில் மூன்றுதான் மிஞ்சியிருந்தது. ஆனால் அந்த வரி பிடித்துக்கொண்டது. யார் யாரோ அதற்கு வாயசைத்து ரீல்ஸ் போட்டார்கள். அலுவலகத்தில் கோப்பைக் கொண்டுபோய் வைத்தால், பிரிவு அதிகாரி "மால் ஏக்தம் அஸ்லி?" என்று கேட்டுச் சிரிப்பார். கேன்டீனில் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பத்து வருஷம் ஒரே மாடியில் வேலை பார்த்தும் என் பெயர் தெரியாதவர்கள் அவர்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அப்பா ஊரிலிருந்து போன் செய்தார். தங்கை மகளிடம் சொல்லி எல்லாப் பகுதியையும் போடச்சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"ஏல, எல்லாத்தையும் பாத்துட்டேன். நீ எங்கல வந்த?"

"அந்த மருந்து விக்கிறவன் நான்தாம்ப்பா."

"எவன்? அந்தக் கறுப்பனா?"

"ஆமா."

மறுமுனையில் டிவி சத்தத்தைக் குறைத்தார். "அடையாளமே தெரியலயேல" என்றார். பிறகு, "ஒங்கம்மா இருந்தா கண்டுபிடிச்சிருப்பா" என்றார். அவரைச் சமாதானப்படுத்துவதா, என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வதா என்று தெரியாமல், சாப்பிட்டீங்களா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து அந்தக் காங்கோ நண்பர் அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரமுடியுமா என்று கேட்டார். என்னை யாரும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. ஒரு கிலோ கலாகந்து வாங்கிக்கொண்டு, மெட்ரோவில் நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனேன்.

மூன்றாவது மாடி. அவர் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். அவர் என்னை உட்காரவைத்து நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எங்க தெருவுல பசங்க என்னைப் பாத்தா உங்க வசனத்தைத்தான் சொல்றாங்க. நான் பழகிட்டேன். பள்ளிக்கூடத்துல என் பொண்ணுகிட்டயும் சொல்றாங்க. உங்க அப்பா மால் விக்கிறாரான்னு கேட்டிருக்காங்க. வீட்டுக்கு வந்து, பாபா மால்னா என்னன்னு கேட்டா."

நான் கையில் இருந்த தண்ணீரைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் இருந்தேன்.

"நான் எதுக்கு உங்களைக் கூப்பிட்டேன்னா, அந்த ஆள் எங்க ஆளே இல்லைன்னு அவளுக்குத் தெரியணும். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. அதுல நானும் நிக்கிறேனே, பின்னாடி. நீங்களே சொல்லிடுங்க."

குழந்தையைக் கூப்பிட்டார். எட்டு வயசு. இறுக்கமாகப் பின்னிய சடை, பூப்போட்ட பாவாடை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பேசிய இந்தி, அந்த வயதில் நான் பேசிய இந்தி.

"அங்கிள், நீங்களா அது? பொய். நீங்க அப்படி இல்லையே."

"மேக்கப் போட்டிருந்தேன்மா. தலைக்கு விக்கும் வச்சிருந்தாங்க."

"ஏன் எங்க மாதிரி மேக்கப் போட்டீங்க? பாபாதான் அங்கேயே இருந்தாரே?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் உதவிக்கு வரவில்லை. "எனக்கு அந்த வேஷம் வேணும்னு ஆசையா இருந்துதுமா" என்றேன். இந்தியில் அதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது.

அவள் யோசித்தாள். "அப்ப சொல்லிக் காட்டுங்க. அந்தக் குரல்ல சொன்னாத்தான் நம்புவேன்."

வேண்டாம் என்று அவர் தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டின் நடுக்கூடத்தில், சோபாவில் உட்கார்ந்தபடி, கண்ணை உருட்டிப் பல்லைக் காட்டி, அடித்தொண்டையில் அந்த வரியைச் சொன்னேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இவர்தான்" என்றாள் அவள் தன் அப்பாவிடம். பயப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. திங்கட்கிழமை வகுப்பில் போய்ச் சொல்லவேண்டிய ஒன்றை மனப்பாடம் செய்துகொள்வதுபோல இன்னொரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் தெருமுனைவரை வந்து ஈ-ரிக்‌ஷா பிடித்துத் தந்தார். மன்னித்துவிடுங்கள் என்றேன். "எதுக்கு? நீங்க வந்தீங்களே. வேற யாரும் வந்திருக்க மாட்டாங்க" என்றார். அவர் கோபப்பட்டுப் பேசியிருந்தால் திரும்பி வந்த பயணம் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டாவது பாகத்துக்கு அதே பெண் போன் செய்தாள். இந்தத் தடவை பதினைந்து காட்சியாம். அவரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அவருடைய எண்ணைக் கொடுத்தேன். "சார், அவரோட இந்தி..." என்று ஆரம்பித்தாள். எனக்கும் அதே பிரச்சினைதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் அவள் அழைக்கவே இல்லை. வேறு ஒரு கறுப்பான ஆள் கிடைத்திருக்கிறார், ஒடிசாக்காரர் என்று கேள்விப்பட்டேன். நன்றாகச் செய்திருக்கிறாராம். நான் பார்க்கவில்லை. நான் மறுத்ததில் யாருக்கு என்ன மிச்சமானது என்று யோசித்தால் பதில் கிடைப்பதில்லை. அலுவலகத்தில் எல்லோரும் அந்த வரியை மறந்துவிட்டார்கள், கூடவே என்னையும்.

நண்பருக்கு அவ்வப்போது செய்தி அனுப்புவேன். முதலில் நாலு வரி பதில் வந்தது, பிறகு ஒரு வரி. போன ஜூலையில் அவராகவே எழுதினார். பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு போகிறோம், தில்லியில் இருக்கிறவர்களில் சொல்லிக்கொள்ள வேண்டியவர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று. அந்தப் பட்டியலில் நான் இருந்ததே எனக்கு ஆச்சரியம். மெட்ரோவில் அன்றைக்கு நடந்ததைப் பற்றி நீளமாக இந்தியில் எழுதினேன். திருத்தித் திருத்தி எழுதி, இவ்வளவையும் ஊரைவிட்டுக் கிளம்புகிறவர் தலையில் சுமத்துவானேன் என்று தோன்றி அழித்துவிட்டேன். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்று மட்டும் அனுப்பினேன்.

போன வாரம் அவர் வாட்ஸப்பில் தன் முகப்புப் படத்தை மாற்றியிருந்தார். ஏதோ ஒரு பள்ளி ஆண்டுவிழா மேடை. குழந்தை ஒலிபெருக்கி முன் நின்று எதையோ பேசிக்கொண்டிருக்கிறாள், வாய் பெரிதாகத் திறந்திருக்கிறது. என்ன மொழியில் பேசுகிறாள் என்று கேட்க நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். கீழே யாரோ காரைத் துடைத்துக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை.