ஊசியின் கழுத்தைப் பார்த்தவர்

நயினாதீவுக்குப் படகேறுவதற்காகக் குறிகட்டுவான் துறையில் வரிசையில் நின்றபோது செல்வராணி அக்காவின் மருமகள் கௌரியின் அழைப்பு வந்தது. காற்று இரைந்ததில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்துக் கடைச் சுவரோடு ஒதுங்கி நின்று, "திருப்பிச் சொல்லும் பிள்ளை" என்றேன்.

"மாமி போயிட்டா, அன்ரி. காலமை தேத்தண்ணி குடிச்சவ. பிறகு கதிரையில சாஞ்சபடியே..."

படகு என்னை விட்டுவிட்டுப் போனது. நான் அக்காவின் ஊரான சரவணைக்குப் பேருந்தேறினேன்.

செல்வராணி அக்காவை உங்களில் பலர் 'பல் மிஸ்ஸி'யாகத்தான் அறிவீர்கள். தீவகத்துப் பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பார்க்கும் வேலை அவருக்கு. அதே வைத்தியசாலையில் மருந்து கொடுக்கும் வேலை எனக்கு. இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர். அவருடைய அறையில் பிள்ளைகள் அழுவதும், அடுத்த கணமே அவருடைய பகிடிக்குச் சிரிப்பதும் எனக்குக் கேட்கும். அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாத இன்னொரு வாழ்க்கை அவருக்கு இருந்தது. அவர் பழைய தொப்பி ஊசிகளைச் சேர்த்தார். உண்மையானது எது, போலி எது என்று பிரித்துச் சொல்வதில், நான் அறிந்தவரை, அவருக்கு ஈடாக இந்தப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

அது தொடங்கிய கதையை அவரே சொல்லிச் சிரிப்பார். இடம்பெயர்ந்து போனவர்கள் ஊர் திரும்பி வீடுகளைத் திருத்திய காலம். அக்கா வீட்டின் உக்கிப்போன வாசல் நிலையை மேசன் கழற்றியபோது, மேல்மரத்தின் வெடிப்புக்குள் ஒரு சாண் நீளத்துக்கும் கூடுதலான ஊசி ஒன்று செருகியிருந்தது. அதன் தலையில் கத்தரிப்பூ நிறக் கண்ணாடிக் குமிழ். மேசன் கையை உதறிக்கொண்டு விலகிவிட்டாராம்.

"தங்கச்சி, ஆரோ செய்வினை செய்து வைச்சிருக்கினம். தொடாதையும்!"

சொந்தக்காரர் கூடிவிட்டார்கள். கடலில் எறியச் சொன்னார் ஒருவர். கோயில் ஐயரைக் கூப்பிடச் சொன்னார் இன்னொருவர். அக்கா ஊசியைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "செய்வினை செய்யிறவன் இவ்வளவு வடிவான ஊசியைச் செலவழிப்பானோ?" என்று கேட்டாராம்.

ஊர்காவற்றுறையில் வயதான கன்னியாஸ்திரி ஒருவர்தான் அது என்னவென்று சொன்னார். வெள்ளைக்காரப் பெண்கள் பெரிய தொப்பி அணிந்த காலத்தில், தொப்பியையும் கொண்டையையும் சேர்த்துக் குத்திய ஊசி அது. அன்றிலிருந்து வெளிநாட்டுச் சொந்தக்காரர் யார் வந்தாலும் அக்காவின் வேண்டுகோள் ஒன்றுதான்: "சொக்கிலேற் வேண்டாம். பழைய சாமான் விக்கிற சந்தையில தொப்பி ஊசி கண்டால் எடுத்துக்கொண்டு வாங்கோ." வந்தவற்றில் பாதி போலி. பழைய உடுப்பிலிருந்து கழற்றிய பொத்தானையோ, அறுந்த மாலையின் மணியையோ புதுக் கம்பியில் ஒட்டி, பழையது என்று விற்கிறார்கள். அக்கா பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை ஊசித் தலைக்குக் கீழே பிடிப்பார். "தலையைப் பாக்காதையும், கழுத்தைப் பாரும்" என்பார். தலையும் கம்பியும் சேரும் இடத்தைத்தான் கழுத்து என்றார். பழைய வேலையில் அங்கே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும், ஈயப்பற்று இருக்கும். போலியில் பசை இருக்கும். "பல்லும் கழுத்திலதானே பழுதாகுது" என்றும் சொல்வார்.

ஒருமுறை வாசிகசாலையில் பழம்பொருள் காட்சி வைத்தார்கள். லண்டனில் இருந்து வந்த, சுருவில் ஊர்ப் பெரியவர் ஒருவர், நெடுந்தீவில் வாழ்ந்த ஒல்லாந்தத் தளபதியின் மனைவி பாவித்தது என்று வெள்ளித் தலை ஊசியொன்றைப் பட்டுத்துணியில் வைத்திருந்தார். கொழும்பில் வாங்கியதாம். அக்கா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் தயக்கம் தெரிந்தது. சபையில் சொல்வதா என்ற தயக்கம்.

"அண்ணை, ஒல்லாந்தர் காலத்தில உப்பிடிக் குத்துற தொப்பியே இல்லை. உது பிறகு, இங்கிலிஸ்காரர் காலத்தில வந்த வழக்கம்."

"நீர் பல்லுப் பாக்கிற ஆள். உமக்கென்ன தெரியும்?"

"ஓம், பல்லுத்தான் பாக்கிறனான். இந்தக் கண்ணாடியைப் பிடிச்சு நீங்களே கழுத்தைப் பாருங்கோ."

பெரியவர் பார்த்தார். மஞ்சள் பசை ஒரு வளையமாகப் பிதுங்கி நின்றது. ஊசியைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். இரண்டு கிழமை கழித்து அவரிடமிருந்து அக்காவின் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. கீழே ஒரு வரி: "தங்கச்சி, இதை வாங்கலாமோ?" அதன்பிறகு கடைசிவரை அவர் அக்காவைக் கேட்காமல் ஒரு ஊசியும் வாங்கவில்லை.

அக்கா உடைந்துபோய் நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். தொப்பி ஊசி சேர்ப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் அவர் இருந்தார். பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்கள். போலிகளைப் பிடித்துக் கொடுத்து அங்கேயும் பெயரெடுத்திருந்தார். ஒரு நாள் ஆசையோடு தன் முதல் ஊசியை, நிலைமரத்து ஊசியை, அங்கே காட்டினார். குழுவின் மூத்த அம்மையார் அதை உண்மையென ஏற்க மறுத்துவிட்டார். கிண்ணத்தின் வடிவம் தான் எங்கும் காணாதது, பின்னாளில் யாரோ வேறு தலையைப் பொருத்தியிருக்கிறார்கள் என்று எழுதினார். மற்றவர்களும் ஆமோதித்தார்கள்.

அன்று மத்தியானம் அக்கா என் அறைக்குள் வந்து கதிரையில் இருந்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

"என்ர கண் பிழையெண்டால், இவ்வளவு நாளும் மற்றாக்களுக்கு நான் சொன்னதெல்லாம் என்ன?" என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. "திருப்பி ஒருக்காப் பாருங்கோவன்" என்று மட்டும் சொன்னேன். "பாத்திட்டன். உண்மைதான். ஆனால் காட்டேலாமல் கிடக்கு" என்றார்.

சில மாதங்களின் பின் நெடுந்தீவில் மருத்துவ முகாம். நாங்கள் இருவரும் போயிருந்தோம். பூமணி என்ற பெண் தன் மகளுக்குப் பல் காட்ட வந்திருந்தார். மகள் வாயைத் திறந்தபடி கிடக்க, பூமணி பக்கத்து மரவாங்கில் அமர்ந்து பனையோலைப் பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். ஓலையை நெம்பித் தூக்க அவர் கையில் ஒரு நீள ஊசி. அதன் தலையில் கத்தரிப்பூ நிறக் குமிழ்.

அக்காவின் கை ஒரு கணம் நின்றதை நான் கண்டேன். பிறகு பிள்ளையின் பல்லை முழுதாக அடைத்து முடித்து, வாய் கொப்பளிக்கவும் வைத்துவிட்டுத்தான் தாயின் பக்கம் திரும்பினார்.

"உந்த ஊசியை ஒருக்காத் தாறீரோ?"

"இது என்ர வேலை ஊசி மிஸ்ஸி. தரமாட்டன். அம்மா சரவணையில இருந்து கலியாணம் முடிச்சு இஞ்ச வரேக்க கொண்டு வந்தவ."

"எனக்குத் தர வேண்டாம். என்ர ஊசிக்குப் பக்கத்தில வைச்சால் போதும்."

அடுத்த கிழமை மறுபடியும் படகேறினோம். கடல் கொந்தளித்தது. நான் வாந்தி எடுத்தேன். அக்கா ஊசிப் பெட்டியை மடியில் அணைத்தபடி சிரித்துக்கொண்டே வந்தார். பூமணி வீட்டு முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே கண்ணாடி, ஒரே நீளம், ஒரே பூவிதழ்க் கிண்ணம். ஈயப்பற்றின் கீழே அரம் இழுத்த கீறல்கூட ஒரே சாய்வில் ஓடியது. ஒரே கை செய்த சோடி, பின்னாளில் தலை மாற்றியது அல்ல. ஒன்று சரவணையில் மரத்துக்குள் கிடந்திருக்கிறது, மற்றது கடல் கடந்து ஓலை இழைத்திருக்கிறது.

வேலியோரத்தில்தான் தொலைபேசிக்குச் சிக்னல் வந்தது. அங்கே நின்றபடி அக்கா அந்த அம்மையாரை வீடியோவில் கூப்பிட்டார். பூமணி இரண்டு ஊசிகளையும் பிடித்துக் காட்ட, அக்கா ஒவ்வொன்றாக விளக்கினார். அம்மையார் நெடுநேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றார் பூமணி.

"தான் சொன்னது பிழையாம். ரெண்டும் உண்மையாம். தன்ர புத்தகத்தில இந்தக் கிண்ணத்தைச் சேர்க்கப்போறாவாம்." அக்கா சொல்லி முடித்தாரோ இல்லையோ, அடுத்த நொடி என்னைக் கட்டிப்பிடித்துச் சுழற்றினார். வேலியில் நின்ற ஆடு மிரண்டு ஓடியது.

"அப்ப நான் இதைப் புளி போட்டு வடிவாய் மினுக்கட்டோ?" என்று பூமணி கேட்டதும், "ஐயோ, மினுக்கிப் போடாதையும், பழமை போயிடும்!" என்று அக்கா கத்தியது இன்னும் என் காதில் நிற்கிறது.

போன வருடம் சரவணையில் அக்காவின் ஊசிகளுக்கென்றே ஒரு காட்சி நடந்தது. பூமணி தன் ஊசியைக் காட்சிக்கு மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, முடிந்ததும் வேலைக்கு எடுத்துப் போனார். கூடவே தான் இழைத்த அகலமான பனையோலைத் தொப்பி ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். காட்சி முடிந்த பின்னேரம் எல்லோருமாகச் சாட்டிக் கடற்கரைக்குப் போனோம். வாழ்நாளில் தொப்பியே போடாத அக்கா, அந்தத் தொப்பியைத் தலையில் வைத்து, கொண்டையோடு சேர்த்துத் தன் ஊசியால் குத்தினார். கச்சான் என்ற மேல்காற்று எங்கள் சேலைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. குடைகள் பறந்தன. ஐஸ்கிறீம் வாங்க வந்த சனம் வேடிக்கை பார்க்க, அக்கா அலைக்குள் இறங்கி நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். தொப்பி அசையவில்லை.

"பாத்தீரோ? இவ்வளவு காலத்துக்குப் பிறகும் பிடிக்குது!" என்று கரையைப் பார்த்துக் கூவினார்.

அக்காவின் தொகுப்பு இனிக் கௌரியின் பொறுப்பில் இருக்கும். எனக்கென்று அவர் ஓய்வுபெற்ற நாளில் தந்த ஊசி ஒன்று என்னிடம் இருக்கிறது. அது போலி. பச்சைக் கல் வைத்த, பார்க்க மிக அழகான போலி. ஏன் எனக்கு இதைத் தருகிறீர்கள் என்று கோபித்தேன்.

"உண்மையைத் தந்தால் நீர் அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போடுவீர். இதெண்டால் எடுத்து எடுத்துப் பாப்பீர்" என்றார்.

அவர் சொன்னபடிதான் நடக்கிறது. அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். முதலில் கல்லின் அழகில் மயங்குகிறேன். பிறகு திருப்பித் திருப்பிப் பார்த்து, பொய் எங்கே இருக்கிறது என்று நானாகவே கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடித்ததும் தனியே இருந்து சிரிக்கிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சிரிப்பைத்தான்.