சொல்லிவிட்டுச் சிரித்த பிரேக் அக்கா

அந்த வட்டாரத்தில் கார் ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம். தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை லேசாக வைத்துக்கொண்டு, "பிரேக், பிரேக், பிரேக்!" என்று அவர் போடுகிற சத்தத்தில், ரோட்டோரம் சும்மா நடந்து போகிறவர்கள்கூட ஒரு நொடி நின்றுவிடுவார்கள். அதனால் பிரேக் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு தம்பி, தம்பிக்கு ஒரே மகள். அந்தப் பெண்ணுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் இவர்தான். அது போதும் என்றுதான் இருந்தார்.

ஐம்பத்தெட்டு வயதில் வலது கை விரல்கள் தன்பாட்டுக்கு ஆட ஆரம்பித்தன. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் பயிற்சிக்கு வந்த பெண், முன்னால் நின்ற வேனைக் கவனிக்காமல் வண்டியை விட்டாள். அக்காவின் கால் நகரவே இல்லை. தரையோடு ஒட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. நல்லவேளை, அந்தப் பெண்ணே மிதித்துவிட்டாள். அக்கா அன்றைக்கே வண்டிச் சாவியை முதலாளி மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

பார்க்கின்சன் என்றார் டாக்டர். கை நடுங்கும், நடை மெதுவாகும், முகத் தசைகள் இறுகும் என்று வரிசையாகச் சொன்னார். கையும் காலும்தான் அக்காவின் காதில் விழுந்தன.

அடுத்த வருஷம் தம்பி மகளுக்குக் கல்யாணம். மேடையில் மணமக்களுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்று போட்டோக்காரர் மூன்று தடவை சொன்னார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டுதானே நின்றார்? கொஞ்ச நேரம் கழித்து, சாப்பாட்டுக் கூடத்தில் தம்பி மனைவி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "மூஞ்சில ஈயாடல, பாத்தீங்களா? எம்பொண்ணு நல்லாயிருக்கறது அவங்களுக்குப் பொறுக்கல."

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கப்புறம் தம்பி வீட்டிலிருந்து வாராவாரம் வந்த போன் மாதம் ஒருமுறை என்றானது. பிறகு அதுவும் நின்றது. மருந்துக் கடைக்காரர் "வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்பதும், இவர் "இல்ல" என்பதும்தான் சில நாட்களில் அவருடைய மொத்தப் பேச்சு.

உடற்பயிற்சி சொல்லித்தருகிற பிசியோதெரபிஸ்ட்தான் அந்த வகுப்பைப் பற்றிச் சொன்னார். புதன்கிழமை காலை, ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் நகைச்சுவை வகுப்பு. எல்லாருக்கும் இதே வியாதி.

"என்னை வச்சு யாருக்குங்க சிரிப்பு வரும்?"

"எழுதிவச்சு நடிக்கிறது இல்லம்மா. அந்த நேரத்துக்கு வாய்ல வர்றதைச் சொல்லணும், அவ்வளவுதான். சும்மா போய் உக்காந்துட்டு வாங்க."

சும்மாதான் போய் உட்கார்ந்தார். பினாயில் வாடை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் வரிசையாகச் சாய்த்துவைத்த கைத்தடிகள். அக்காவோடு ஒன்பது பேர். சொல்லிக்கொடுத்த பெண் நாடகக்காரி. அவள் வைத்தது ஒரே ஒரு விதி. "எதிர்ல இருக்கறவங்க என்ன சொன்னாலும் 'இல்ல'ன்னு சொல்லக் கூடாது. 'ஆமா'ன்னு சொல்லி, அதுமேல உங்க பங்குக்கு ஒண்ணு சேர்க்கணும்."

மூன்றாவது வாரம் அக்காவை நடிக்க எழுப்பிவிட்டார்கள். ஜோடி, ஓய்வுபெற்ற தபால்காரர். தெருவே கேட்க "தபால்!" என்று கூப்பிட்டவருக்கு இப்போது குரல் தேய்ந்து கொசு மாதிரி ஆகியிருந்தது. இரண்டு நாற்காலிகள் போட்டு, "இது கார்" என்றாள் நாடகக்காரி.

தபால்காரர் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார். "அக்கா, நாம இப்ப கடலுக்குள்ள போறோம்."

"இல்ல! ரோட்டைப் பாத்து ஓட்டுங்க!" இருபத்தெட்டு வருஷப் பழக்கம் வாயை முந்திக்கொண்டது.

"'இல்ல' கிடையாது" என்றாள் நாடகக்காரி.

அக்கா இல்லாத கண்ணாடியில் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஆமா... அதான் பின்னாடி ஒரு சுறா ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கு. வழி விடுங்க."

அறை அதிர்ந்தது. அக்கா திரும்பிப் பார்த்தார். தோள்கள் குலுங்கின, கண்களில் தண்ணீர் வந்தது, ஒருவர் தொடையில் தட்டினார். ஆனால் முகங்கள்? அத்தனையும் சாத்திய கதவு மாதிரி இருந்தன. துக்கம் கேட்க வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அக்காவுக்குக் கல்யாணப் படம் நினைவுக்கு வந்தது. மேடையில் தானும் இப்படித்தானே நின்றிருப்போம்?

தபால்காரர் அவர் காதருகே குனிந்தார். "நான் சிரிக்கறேங்க. கோவம்னு நெனச்சுக்காதீங்க. வீட்லயும் இப்ப சொல்லிட்டுத்தான் சிரிக்கறது."

போன் செய்ய அக்காவுக்கு நான்கு நாள் ஆனது. தம்பி மகள்தான் எடுத்தாள்.

"உன் கல்யாணத்தன்னைக்கு நான் சந்தோஷமா இருந்தேன்மா" என்றார் எடுத்த எடுப்பில். "உள்ளுக்குள்ள குதிச்சுக்கிட்டு இருந்தேன். இந்த வியாதில மூஞ்சி அசையாது. அது எனக்கே தெரியல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அத்தை? ரெண்டு வருஷம் போச்சே."

"மூஞ்சி சொல்லிடும்னு நெனச்சேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தை பிறந்ததே அக்காவுக்கு அப்போதுதான் தெரியும். மடியில் வாங்கிக்கொண்டார். குழந்தை அவர் முகத்தையே உற்றுப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, வீறிட்டு அழுதது.

"சிரிக்கறேன்டா கண்ணு, பாட்டி சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அக்கா. ஆறு மாதக் குழந்தைக்கு அது எப்படிப் புரியும்? தாய் வாங்கி, கட்டிலில் போட்டுத் தட்டித் தூங்க வைத்தாள்.

இரண்டு மணி நேரம் இருந்தாள். "அம்மாகிட்டயும் சொல்றேன் அத்தை, அடிக்கடி வர்றோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சொல்லியும் இருப்பாள். ஆனால் தம்பி மனைவி இன்றுவரை பேசவில்லை. தம்பி மகள் மாதம் ஒருமுறை கூப்பிடுகிறாள். வருவதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை. புதன்கிழமை போக, வாரத்தில் மீதி ஆறு நாள் அப்படியேதான் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனபிறகு அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தார். குழந்தை படுத்திருந்த இடத்தில் போர்வை சின்னதாகக் குழிந்திருந்தது. அதைச் சரி செய்யாமல், கட்டிலின் மறு ஓரத்தில் ஒடுங்கிப் படுத்துக்கொண்டார்.